இருபத்தைந்து டிகிரியில் சாது

கக்குவான் இருமல் கிருமியை வளர்ப்பது என் உத்தியோகம். கல்யாணப் பந்தியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிக்கல் ஆபீசர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் பக்கத்து இலைக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். அனுபவத்தில் கண்டது.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் கிருமிக்குப் புது மாப்பிள்ளை முறுக்கு. வேகவைத்த உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், அதற்கு மேல் செம்மறியாட்டு ரத்தம், எல்லாம் சுத்தமாகவும் புதிதாகவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வளர மாட்டேன் என்று படுத்துக்கொள்ளும். நானோ திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில், வெங்காயத்தையே நாள் பார்த்து நறுக்கும் வீட்டில் பிறந்தவள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆட்டு ரத்தத்தை அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியும். தெரியாததுபோல இருப்பது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் நேரே குளிக்கப் போய்விட வேண்டும், அவள் ஒன்றும் கேட்க மாட்டாள்.

எங்கள் ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இன்குபேட்டர்கள். ஒன்று முப்பத்தேழு டிகிரி, இன்னொன்று இருபத்தைந்து. ஒரே குப்பியிலிருந்து ஒரே கிருமியை எடுத்து இரண்டு ரத்தத் தட்டுகளில் தேய்த்து, இன்குபேட்டருக்கு ஒன்றாக உள்ளே வைப்போம். சில நாள் கழித்துப் பார்த்தால், முப்பத்தேழில் இருந்த தட்டில் பாதரசத் துளிபோல மினுங்கும் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து வெளுத்த ஒரு வளையம். அது விஷம் கக்குகிறது என்பதற்கு அந்த வளையமே சாட்சி. இருபத்தைந்தில் இருந்த தட்டில் கிருமி நன்றாகவே வளர்ந்திருக்கும், ஆனால் வளையம் இருக்காது. ரத்தம் ரத்தமாகவே கிடக்கும். விஷமும் இல்லை, தொண்டையில் ஒட்டிக்கொள்வதற்கான பசையும் இல்லை. பசுத்தோல் போர்த்திய புலி என்பார்களே, அது கூட இல்லை. புலி பசுவாகவே ஆகிவிடுகிறது.

கிருமியின் மேல்தோலில் ஒரு புரதம் காவல்காரன்போல நின்று வெளியில் என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மனித உடம்பின் சூடு தெரிந்தால் உள்ளே தகவல் சொல்லும். அடுத்து ஆயுதங்கள் ஒவ்வொன்றாகத் தயாராகும். முதலில் ஒட்டிக்கொள்ளும் பசை, சற்றுப் பொறுத்துத்தான் விஷம். சூடு இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடும். சூடு மட்டுமல்ல. தென்னைக்குத் தூரில் போடுகிற மக்னீசியம் சல்பேட்டைக் கொஞ்சம் தூக்கலாகச் சேர்த்தாலும், நிகோடினிக் ஆசிட் என்ற வைட்டமினை நிறையக் கொடுத்தாலும், முப்பத்தேழு டிகிரியிலேயே அது சாதுவாகிவிடும். பரம்பரைக் குணம் மாறுவதில்லை, இருக்கும் இடத்துக்குத் தகுந்த வேஷம், அவ்வளவுதான். மறுபடி சூட்டில் வைத்தால் மறுபடி பழைய ஆள்.

திருவனந்தபுரத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊரில் அறை தானாக இருபத்தைந்துக்கு இறங்குவது அபூர்வம். ஆகவே கிருமியைக் கொடூரமாக்குவதற்கு எங்களுக்கு அதிகம் கரண்ட் செலவில்லை. அதைச் சாதுவாக்கத்தான் நாள் முழுக்க மிஷின் ஓட வேண்டியிருக்கிறது. இந்தத் தமாஷை நான் புதிதாக வரும் எல்லாரிடமும் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. அந்த இரண்டு எண்களும் எங்கள் வீட்டுக்குள் வந்து, என் தங்கையையும் அவள் கைக்குழந்தையையும் பிடித்துக்கொண்ட கதைதான் இது.

என் தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எண் என்றால் அவளுக்கு வேதவாக்கு. கால் கிலோ காராமணி கேட்டால் கடைக்காரர் தராசு நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். அவளுடைய முதல் குழந்தை ஓர் ஆண் குழந்தை. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தபோது பிறந்தான். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் காற்றுப் படாமல் வைக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் மறுபேச்சு இல்லாத சட்டம். உள்ளறை, மூடின ஜன்னல், சாயங்காலம் சாம்பிராணி, குழந்தைக்குக் குல்லா, காலுறை, மேலே ஒன்றுக்கு இரண்டாகப் போர்வை. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் வளர்ந்தன. அவனும் அப்படித்தான் இருந்தான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜலதோஷம்போல ஆரம்பித்தது. பெரிதாக இருமவில்லை. அதுதான் இந்த நோயின் வஞ்சகம்: பெரிய பிள்ளைகள் இருமி இருமி ஊரைக் கூட்டும், பச்சைக் குழந்தை சத்தமே இல்லாமல் மூச்சை நிறுத்திக்கொள்ளும். பால் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நீலமானான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். என்ன நோய் என்று தெரிந்தது, மருந்து கொடுத்தார்கள், கிருமி செத்தது. அது அதற்குள் வெளியே விட்டிருந்த விஷம் சாகவில்லை. முதல் தடுப்பூசி போடும் வயதை எட்டுவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

தங்கையின் புகுந்த வீட்டில் சிலருக்கு என் மேல் சந்தேகம் வந்தது. வந்ததில் தப்பும் இல்லை. அந்தக் கிருமியோடு தினமும் புழங்குகிறவள் வீட்டில் அதே கிருமி வந்தால் யாருக்குத்தான் வராது? எனக்கே வந்தது. ஆனால் எங்கள் ஆய்வகக் கிருமிக்கு ஓர் அடையாளம் உண்டு, ஒரு குறிப்பிட்ட மருந்தில் அது சாகாது. குழந்தையின் மூக்கிலிருந்து எடுத்து வளர்த்தது அதே மருந்தில் செத்துப்போனது. என்னிடமிருந்து வரவில்லை என்று தெரிந்த அன்று, ஆய்வகத்துக் கழிப்பறையில் நின்று நிம்மதியாக அழுதேன். யாரிடமிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த மழையில் தெருவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை என்னிடம் அது பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. நல்ல மனசு என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். குற்றவாளியை அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

சில வருஷம் போனது. எங்கள் நிலையத்தில் பொதுமக்களுக்கு ஓப்பன் டே நடந்தது. தங்கையும் அவள் புருஷனும் வந்தார்கள். எங்கள் ஆய்வகத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. "அந்தப் பிராணியை ஒரு தரம் பார்த்துடறேன்," என்றாள். சீல் வைத்த இரண்டு தட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, எங்கள் ஆராய்ச்சி மாணவி விளக்கிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். அவள் அப்பா விழிஞ்ஞம் துறைமுகத்தில் கான்கிரீட் வேலைக்கு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பெண் படித்ததெல்லாம் இங்கே மலையாளத்தில். தமிழ்க்காரர்கள் என்று தெரிந்தால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும், தமிழும் மலையாளமும் கைகோத்துக்கொண்டு வரும்.

"இது ரெண்டும் ஒரே ஆளுதான், கேட்டோ," என்றாள். "இருபத்தஞ்சு டிகிரி, நம்ம ஏசி ரூம் மாதிரி, அங்க வச்சா சாது. ஒண்ணும் செய்யாது. முப்பத்தேழு, ஒடம்பு சூடு கிட்டினா பின்ன ரவுடியாக்கும்!"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். தங்கை கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து அந்த வெளுத்த வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ஒரே கிருமியா?" என்று கேட்டாள். "ஒரே கிருமிதான் அக்கா," என்றாள் மாணவி. தங்கை தலையாட்டினாள். திரும்பிப் போகும் வழியில் ஒன்றும் பேசவில்லை. பழைய துக்கம் என்று நினைத்து நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் இரண்டாம் முறை உண்டானாள். இந்த முறை நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். கர்ப்ப காலத்தில் போட வேண்டிய கக்குவான் தடுப்பூசியை டாக்டரிடம் கேட்டு, நானே பக்கத்தில் உட்கார்ந்து போட வைத்தேன். தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் போய், பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் சில மாதம் காவல் நிற்கும். வீட்டில் குழந்தையைத் தூக்கப்போகிற அத்தனை பேருக்கும் ஊசி. ஊசி என்றால் வாசல்வரை ஓடுகிற அம்மாவைக்கூட விடவில்லை. யாராவது இருமிக்கொண்டு படியேறினால் அப்படியே திருப்பி அனுப்புவது என்று முடிவு. தெருவில் எனக்கு நல்ல பெயர் கிடையாது, அதனால் இது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை.

மீன மாதத்துப் பங்குனி வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே சண்டை தொடங்கிவிட்டது. தங்கை உள்ளறைக்குப் போக மாட்டேன் என்றாள். ஏசி மாட்டின முன்னறைதான் வேண்டும், ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பச்சை உடம்புடீ! வாதம் பிடிச்சுக்கும். கொழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்," என்று அம்மா கையை உதறினாள்.

"அந்த அறையில அவனை வெச்சோமே, என்ன ஆச்சு?" என்று தங்கை கேட்டாள்.

நான் தங்கை பக்கம் சேர்ந்துகொண்டேன். வெளியே கொளுத்துகிற வெயிலில் ஜன்னலை மூடிக்கொண்டு புழுங்குவதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இல்லை. படித்தவள் சொல்கிறாள் என்ற முறையில் அம்மாவிடம் பெரிய பிரசங்கம் செய்தேன். ஏசியால் குழந்தை ஒன்றும் கெட்டுப்போகாது, உடுப்புப் போட்டு நேர்க் காற்றுப் படாமல் வைத்தால் போதும் என்றேன். நான் சொன்னதில் முன்பாதியை மட்டும் தங்கை எடுத்துக்கொண்டாள்.

நாள் போகப் போக அம்மாவின் புகார்கள் என் பின்னாலேயே வந்தன. பஸ்ஸில் இருந்தால் போனில், வீட்டில் இருந்தால் சமையலறையில்.

"கொழந்தை இழுத்துப் பால் குடிக்க மாட்டேங்கறது. சதா தூங்கிண்டே இருக்கு. தொட்டா கை கால் எல்லாம் ஜில்லுன்னு இருக்கு. நீ வந்து கொஞ்சம் பாரேன்."

"ஏசி போட்டா கை கால் கொஞ்சம் ஜில்லுனுதாம்மா இருக்கும்."

"உனக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று போனை வைத்துவிடுவாள்.

நான் காலையில் கிளம்பிச் சாயங்காலம் வருகிறவள். வந்து குளித்து முடித்துப் போய்ப் பார்க்கும்போது குழந்தை துணிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும், முகம் மட்டும் தெரியும். குழந்தை டாக்டர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, ஏற வேண்டிய அளவு ஏறவில்லை, பால் நன்றாகக் கொடுங்கள், மறுபடி கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் மண்டையில் இருந்த பயமெல்லாம் இருமலைப் பற்றித்தான். யாராவது தும்மினால் துள்ளி எழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. குளித்துவிட்டு முன்னறைக் கதவைத் தள்ளினால் சில்லென்று முகத்தில் அடித்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் மின்விசிறி. சுவரில், ஆன்லைனில் வரவழைத்த ஒரு டிஜிட்டல் வெப்பமானி. கட்டிலில் குழந்தை ஒரு லங்கோட்டியோடு மட்டும் கிடந்தது. சட்டை இல்லை, குல்லா இல்லை, ஒரு துண்டுத் துணி மேலே இல்லை. கை கால் விரல்களில் லேசாக நீலம். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, நனைத்துப் பிழிந்த துணியால் அதன் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் துடைக்கிற கவனத்தோடு.

"என்னடி பண்ணறே?"

"அம்மா மத்தியானம் தூங்கறப்போதான் பண்ண முடியும். இல்லேன்னா கத்துவா," என்றாள். ஏதோ எனக்கும் தெரிந்த விஷயம்போலச் சொன்னாள். "இப்போ ரூம் இருபத்தஞ்சு வந்துடுத்து. ஆனா இவ உடம்பு மட்டும் சூடு பிடிச்சுண்டே இருக்கு அக்கா. தொடைச்சுத் தொடைச்சு விடறேன்."

"எதுக்கு இருபத்தஞ்சு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அன்னிக்கு உங்க லேப்ல அந்தப் பொண்ணு சொன்னாளே. இருபத்தஞ்சுல சாது, உடம்பு சூடு கிட்டினா ரவுடின்னு. ஒரே கிருமிதானான்னு கேட்டேன், ஆமாம்னா. நீயும் பக்கத்துல நின்னுண்டு சிரிச்சியே."

சிரித்தேன். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. தட்டில் வளர்கிற கிருமிக்கு அது அட்சரம் பிசகாத உண்மை.

"அவனை நான் மூடி மூடி வெச்சேன் அக்கா," என்றாள். கை துடைப்பதை நிறுத்தவில்லை. "குல்லா, சாக்ஸ், ரெண்டு போர்வை. ஜன்னலை ஒரு நாள் திறக்கலை. அந்தக் கிருமி சும்மா வந்து உக்காந்துண்டிருக்கு. அதுக்கு முப்பத்தேழு டிகிரி ஆக்கிக் குடுத்தது நானாக்கும். இவளுக்கும் அப்படிப் பண்ணுவேனா?"

இத்தனை வருஷமாக அவள் தேடின குற்றவாளி கிடைத்துவிட்டாள். அதுவும் என் ஆய்வகத்தில், என் இரண்டு இன்குபேட்டர்களுக்கு நடுவில். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. அவள் மேல் கோபம், அந்த மாணவி மேல் கோபம், அம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத என் மேல் கோபம், எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை.

மருந்துப் பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தேன். எவ்வளவு குளிர்ந்தாலும் உடம்பு அறையின் எண்ணுக்கு வராது என்பதை அவளுக்கு எண்ணிலேயே காட்டிவிட்டால் போதும், வாதம் முடிந்தது என்று எண்ணினேன். கணக்கு டீச்சருக்குக் கணக்கு. அது கீச்சிட்டதும் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து புள்ளி எட்டு. குறைவு. பயப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு. அவளிடம் நீட்டினேன்.

"பாரு. ரூம் இருபத்தஞ்சு. குழந்தை முப்பத்தஞ்சுக்கு மேலே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். "இன்னும் பத்துக்கு மேலே இருக்கே," என்றாள். "அப்போ இன்னும் குறைக்கணுமா?"

அவள் கை ரிமோட்டைத் தேடியது. நான் பாய்ந்து அதைப் பிடுங்கினேன்.

"இருபத்தஞ்சு ஆகணும்னா இவ செத்தாத்தான்டி ஆவா!"

கத்திவிட்டேன். அம்மா எழுந்து வந்து கதவருகே நின்றாள். ஏசியை நிறுத்தினேன், விசிறியை நிறுத்தினேன். தங்கை ஈரத்துணியை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் குழந்தையைத் தூக்கித் துடைத்து, ஈரம் போக்கி, அவள் ரவிக்கையைத் தளர்த்தி, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்து, மேலே போர்வையைப் போர்த்தினேன். அம்மா ஒரு குல்லாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஒரு தடவையாவது, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

குழந்தை டாக்டரைப் போனில் பிடித்தேன். உடம்போடு அணைத்தே வைத்திருங்கள், பால் கொடுத்துப் பாருங்கள், சூடு ஏறவில்லை என்றாலோ குழந்தை உறிஞ்சவில்லை என்றாலோ உடனே கிளம்பி வாருங்கள் என்றார். ஆட்டோவைச் சொல்லி வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, தங்கை எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இதுவரை எத்தனையோ பேருக்கு இந்தக் கிருமியைப் பற்றி விளக்கியிருக்கிறேன். இவ்வளவு கவனமாக யாருக்கும் விளக்கியதில்லை.

"தட்டுக்கு உயிர் இல்லைடி. இன்குபேட்டர் என்ன சூடோ அதுதான் தட்டுக்கும். மனுஷ உடம்பு அப்படி இல்லை. மூக்கு நுனி கொஞ்சம் குளிரும், கொஞ்சம் சூடாகும். உள்ளே தொண்டை, நெஞ்சு எல்லாம் எப்பவும் முப்பத்தேழை ஒட்டித்தான். நீ ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும், போர்வை ஒண்ணானாலும் பத்தானாலும். உடம்பு அதை விட்டே குடுக்காது. இவ குடிச்ச பாலெல்லாம் இத்தனை நாள் எங்கே போச்சுன்னு நினைக்கறே? முப்பத்தேழைக் காப்பாத்தறதுக்கே போச்சு. அதான் எடை ஏறலை. அதான் தூங்கித் தூங்கி விழறா."

"அப்போ நான் குல்லா போட்டதுக்கு..."

"நீ போட்டது ஒரு குல்லா. அவ்வளவுதான். அது இல்லாமலே அவன் உள்ளே முப்பத்தேழுதான். அந்தக் கிருமி அவன் மூக்குக்குள்ளே போன அன்னிக்கே அதுக்கு அந்தச் சூடு கிடைச்சாச்சு. நீ குடுக்கலை. உயிரோட இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் அந்தச் சூடு உண்டு."

"நிஜமா?"

"இதுல நான் பொய் சொல்லுவேனா?"

"என்னைச் சமாதானப்படுத்த வேற எதுல வேணும்னாலும் சொல்லுவே," என்றாள். நியாயமான பேச்சு. சொல்லுவேன்.

"இவளுக்குக் காவல் இந்த ஏசி இல்லை," என்றேன். "இவ வயித்துல இருந்தப்போ நீ கையை நீட்டிப் போட்டுண்டியே அந்த ஊசி. அது இவ ரத்தத்துல இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல இவளுக்கே போட்டுடுவோம்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் வெப்பமானியில் அறையின் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் ஒரு முனகல். குழந்தை வாயை அங்கும் இங்கும் முட்டித் தேடிப் பிடித்துக்கொண்டது. முதலில் சும்மா சப்பியது, பிறகு இழுத்தது. விழுங்கும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறைத் தாண்டி ஏறியிருந்தது. விரல்களில் நீலம் போய்ச் சிவப்பு வந்திருந்தது. ஆட்டோக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தேன்.

நான் உள்ளே வந்தபோது தங்கை தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்போ அவன் போய் உடம்பு ஆறினதுக்கப்புறம்தான் அது சாது ஆயிருக்கும், இல்லையா அக்கா?"

இந்தக் கேள்வியை என்னிடம் எந்த ஓப்பன் டேயிலும் யாரும் கேட்டதில்லை. மருந்தில் முன்பே செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது கிருமியைப் பற்றி இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"ஆமாம்," என்றேன்.

"அதுவரைக்கும் அவன் சூடாத்தான் இருந்தான்."

"ஆமாம்டி. கடைசிவரைக்கும் சூடாத்தான் இருந்தான்."

அழுதது நான்தான். அவள் அழவில்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து, குழந்தையின் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.